கம்ப்யூட்டருக்குள் ‘விலை’ நுழைந்த கதை! 20 ஆண்டுகள் வாசலில் நின்ற தமிழ்ச் சொல்

காஞ்சீபுரத்தில் இருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி உள்ள ஊர். அந்த மாவட்டத்தின் பெரிய ஏரிகள் எவை என்று கேட்டால், தென்னேரி, உத்திரமேரூர், தாமல் என்று சொல்லுவார்கள். வராகீசுவரர் கோவில் இருப்பதும் இந்த ஊரில்தான்.

இந்த ஊரில் ஒரு மாணவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பெயர் வேண்டாம். எந்த நெசவாளி வீட்டுப் பிள்ளையாகவும் அவன் இருக்கலாம்.

அப்பா பட்டுச் சேலை நெய்கிறார். பட்டு நூலுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பார். இராத்திரியில் அம்மா அதைக் கூட்டிப் பார்ப்பாள். சில நாள் கணக்கு இடிக்கும். மறுபடி கூட்டுவாள்.

மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். “நான் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன், அம்மா. தொகையைப் போட்டால் விலை தானாக வந்துவிடும்” என்கிறான்.

2018-ம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுவோம். பையன் உட்கார்ந்து எழுதுகிறான். ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறான். பட்டையும் ஜரிகையையும் கூலியையும் கூட்டி வருகிற தொகைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே ‘விலை’ என்று பெயர் வைக்கிறான்.

பொத்தானை அழுத்துகிறான்.

கம்ப்யூட்டர் சீறுகிறது! ஒரு பிழை அல்ல, இரண்டு பிழை அல்ல. அந்த ஒரே சொல்லுக்குப் பன்னிரண்டு பிழைகள்! “340 என்று ஒன்று இங்கே வழிதவறித் திரிகிறது. 256 என்று ஒன்று திரிகிறது. 265 என்று ஒன்று திரிகிறது...” இப்படிப் பன்னிரண்டு வரிகள்.

பையன் 340 என்று எழுதவே இல்லை. ‘விலை’ என்றுதான் எழுதினான். பிறகு 340 எங்கே இருந்து வந்தது?

வழிதவறிய எழுத்துக்கள்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு எண் போதும். இன்று உலகம் எங்கும் பழக்கத்தில் உள்ள முறையில், தமிழ் எழுத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் மூன்று எண்கள்.

‘வி’ என்பதில் வகரமும் மேல்விலங்கும் இருக்கின்றன. ‘லை’ என்பதில் லகரமும் ஐகாரக் குறியும் இருக்கின்றன. ஆக, நான்கு உறுப்புக்கள். நான்கு மூன்று பன்னிரண்டு. அதனால்தான் பன்னிரண்டு பிழைகள். எட்டை வைத்து எண்ணும் கம்ப்யூட்டர் கணக்கில், எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் எண் 340.

‘விலை’ என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் மறுபேச்சு இல்லை. தமிழ் எழுத்தில் எழுதியதால்தான் இத்தனை ரகளை.

இப்படிச் சீறியது யார்? அதற்குப் பெயர் கம்பைலர். ‘தொகுப்பி’ என்று தமிழில் சொல்லுகிறார்கள்.

துபாஷியும் மொழிபெயர்ப்பாளரும்

மனிதன் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் ஒரு புத்தகத்தை முதலில் இருந்து கடைசி வரை படித்து, வேறு மொழியில் எழுதித் தருகிறார் அல்லவா? அதைப் போல.

பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லுகிற துபாஷியும் கம்ப்யூட்டர் உலகில் உண்டு. அது வேறு இனம். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

கம்பைலரால் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். தமிழக அரசு 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. முதலில் கொடுத்த கணினிகளில் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற அமைப்பும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. அந்த லினக்ஸின் உயிர்நாடியான பகுதியை எந்திர மொழிக்கு மாற்றித் தந்தது ஒரு கம்பைலர். அதன் பெயர் ஜி.சி.சி.

தாமல் பையனைப் பார்த்துச் சீறியதும் இதே ஜி.சி.சி.தான்!

இந்த ஜி.சி.சி.யை ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1987-ம் ஆண்டு வெளியிட்டார். காசு கேட்கவில்லை. “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். திருத்தலாம். திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம்” என்றார். ஓட்டலில் சாம்பாரையும் கொடுத்து, சாம்பார்ப் பொடிக்கு என்ன அளவு என்ற சீட்டையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி!

தனிக்குடித்தனம்

எல்லாரும் திருத்தலாம் என்றால் என்ன ஆகும்? சண்டை வரும். வந்தது.

உலகம் முழுவதும் இருந்து திருத்தங்கள் வந்து குவிந்தன. ஆனால் அவற்றைப் பார்த்து, சரி என்று சொல்லி, உள்ளே சேர்ப்பவர்கள் மிகச் சிலர். திருத்தம் அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். புதிய பதிப்பு எப்போது வரும் என்று தெரியவில்லை.

கடைசியில் 1997-ம் ஆண்டு ஒரு கூட்டம் பிரிந்து போய்விட்டது. அதே கம்பைலரை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் வைத்தது. அதற்கு ‘எக்ஸ்’ என்று உச்சரிக்கும்படி ஒரு பெயரும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் முட்டைகள் என்று காதில் விழும்.

பிரிந்து போன வீடு வளர்ந்தது. கதவை அகலமாகத் திறந்து வைத்தார்கள். அடிக்கடி பதிப்புக்கள் வெளிவந்தன. பெரிய வீடு தேங்கி நின்றது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன. எப்படி? பிரிந்து போன பிள்ளைகளைத் தாய் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. “இனிமேல் நீங்கள் கட்டிய வீடுதான் பெரிய வீடு. குடும்பப் பெயரும் உங்களுக்கே” என்று கொடுத்துவிட்டார்கள்! நம் ஊர்களில் பாகப் பிரிவினை வழக்குகள் எத்தனை ஆண்டு நடக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்றும் ஜி.சி.சி.யின் சின்னத்தில் ஒரு முட்டை இருக்கிறது. முட்டையை உடைத்துக்கொண்டு கொம்புள்ள ஒரு விலங்கு எட்டிப் பார்க்கும். அந்தப் பழைய சண்டையின் நினைவு அது.

அதற்குப் பிறகு ஒரு வழிநடத்தும் குழு பொறுப்பு ஏற்றது. எந்தக் கம்பெனியும் முழு அதிகாரம் செய்யக்கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு.

இது காஞ்சீபுரம் பக்கத்து மக்களுக்குப் புதிது அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், அதாவது 920-ம் ஆண்டை ஒட்டிய காலம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ‘ஏரி வாரியம்’ என்று ஒரு குழு இருந்தது. குடவோலை முறையில் ஆட்களை எடுத்தார்கள். ஓர் ஆண்டுதான் பதவி. பொதுச் சொத்து என்றால் அதற்கு ஒரு முறை வேண்டும் என்பது அன்றைக்கே நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மழைக்கு முன் மண் வேலை

ஒரு கம்பைலரை ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் இருந்து திருத்துகிறார்கள். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் செக் நாட்டில், ஒருவர் இந்தியாவில். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இல்லை. இத்தனை பேர் செய்த வேலையை ஒரு நாளில் மூட்டை கட்டி, “இதோ புதிய பதிப்பு” என்று உலகத்துக்குக் கொடுப்பது எப்படி?

ஏரிக்கரை உள்ள ஊர்க்காரர்களுக்கு இது உடனே விளங்கும்.

கோடையில் ஏரி வறண்டு கிடக்கும்போது தூர் வாரலாம். மதகைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டலாம். கரையையே வெட்டித் திருப்பலாம். மழை நெருங்கிவிட்டால் பெரிய வேலை கிடையாது. ஓட்டையை அடைக்கலாம், அவ்வளவுதான். ஏரி நிரம்பிய பிறகு யாராவது மண்வெட்டியோடு கரைமேல் ஏறினால் ஊரே கூடிவிடும்.

ஜி.சி.சி.யிலும் இதே கதைதான். வசந்த காலத்தில் ஒரு பதிப்பு வெளிவரும் சமயத்தில் அடுத்த பதிப்புக்கான கதவு திறக்கும். நவம்பர் மாதம் நடுப்பகுதி வரை புதிய வேலை எதையும் கொண்டு வரலாம். பிறகு புதுமைக்கு இடம் இல்லை. பிழை திருத்தம் மட்டும். ஜனவரி மாதம் ஆனால் அதிலும் கெடுபிடி. “போன பதிப்பில் சரியாக ஓடியது, இந்தத் தடவை கெட்டுவிட்டது” என்ற குறைகளைத்தான் முக்கியமாகத் திருத்தலாம்.

அந்தக் குறைகளுக்குத் தரவரிசை உண்டு. முதல் தரக் குறை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தாலும் பதிப்பு வெளிவராது! தேதி குறித்து, பத்திரிகை அடித்து, நல்ல நேரம் பார்த்து வெளியிடுகிற பழக்கம் இங்கே இல்லை. முதல் தரக் குறை பூஜ்யம் ஆக வேண்டும். அதுதான் நல்ல நேரம்.

பூஜ்யம் ஆனதும் முன்னோட்டப் பதிப்பு ஒன்றை வெளியே விடுவார்கள். உலகம் முழுவதும் உள்ளவர்கள் தங்கள் எந்திரங்களில் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து, பெரிய புகார் எதுவும் இல்லாவிட்டால் உண்மையான பதிப்பு வரும்.

இதை எல்லாம் கண்காணிக்க வெளியீட்டு மேலாளர்கள் இருக்கிறார்கள். யாகுப் யெலினெக், ரிச்சர்டு பீனர் ஆகியோர் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவர்கள். “முதல் தரக் குறை இத்தனை, இரண்டாம் தரக் குறை இத்தனை” என்று அவ்வப்போது அறிக்கை விடுவார்கள். கோடையில் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல எல்லாரும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

எல்.எல்.வி.எம். என்று இன்னொரு பெரிய கம்பைலர்த் திட்டம் உண்டு. 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும், அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆத்வேயும் தொடங்கியவர்கள். ஆத்வே பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அங்கே ஆண்டுக்கு இரண்டு பதிப்பு. இரு போகம் விளைகிற பூமி!

தயிருக்கு உறை ஊற்றுவது யார்?

இப்போது ஒரு விடுகதை.

கம்பைலரும் ஒரு புரோகிராம்தான். அதையும் எந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரை மாற்றியது எது?

விடை உங்கள் அடுப்பங்கரையில் இருக்கிறது. இன்றைய தயிருக்கு உறை, நேற்றைய தயிர். நேற்றையதற்கு உறை, முந்தாநாள் தயிர். பழைய கம்பைலரை வைத்துத்தான் புதிய கம்பைலரை உருவாக்குகிறார்கள்.

ஜி.சி.சி.யில் மூன்று தடவை உறை ஊற்றுவார்கள். பழைய கம்பைலரால் புதியதை ஒரு முறை செய்வார்கள். அப்படி வந்த புதியதால் அதையே மறுபடி செய்வார்கள். அந்த இரண்டாவதால் மூன்றாவது தடவை செய்வார்கள். பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறி இருந்தாலும் எங்கோ தவறு!

உறையே கெட்டிருந்தால்? இந்தப் பயங்கரமான கேள்வியை கென் தாம்சன் என்ற மேதை 1984-ம் ஆண்டு அச்சான தமது பரிசு உரையில் எழுப்பினார். கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை ஒளித்து வைக்கலாம். அது தன் குட்டிக்கும், குட்டியின் குட்டிக்கும் தானாகவே போய்ச் சேரும். எழுதிய புரோகிராமை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாது என்று காட்டினார்.

இதற்கு மருந்து உண்டா? டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ம் ஆண்டு தமது முனைவர் பட்ட ஆய்வில் ஒரு வழி சொன்னார். சுருக்கமாகச் சொன்னால், பக்கத்து வீட்டில் உறை வாங்கி ஊற்றிப் பார்! வேறு யாரோ செய்த, சம்பந்தமே இல்லாத கம்பைலரை வைத்து உருவாக்கி ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். உலகத்தில் ஒரே ஒரு கம்பைலர் மட்டும் இருக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

‘கொடுக்காதே’ ‘கொடு’ ஆனால்?

கம்பைலர் திட்டங்களில் பாதி உழைப்பு சோதனைக்கே போகிறது என்றால் மிகை அல்ல.

புரோகிராம் எழுதுபவர் தவறு செய்தால் அவருடைய புரோகிராம் மட்டும் கெடும். கம்பைலர் தவறு செய்தால் அதன் வழியே போகிற அத்தனை புரோகிராமும் கெடும். அதுவும் சத்தம் போடாமல் கெடும். மொழிபெயர்ப்பாளர் ‘கொடுக்காதே’ என்பதை ‘கொடு’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? வாக்கியம் அழகாகத்தானே இருக்கும்!

அதனால் ஜி.சி.சி.யில் ஒரு வழக்கம். ஒரு பிழையைத் திருத்தினால், அந்தப் பிழையைப் பிடிக்கிற ஒரு சின்னச் சோதனையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது நிரந்தரமாகச் சோதனைக் கூடையில் கிடக்கும். பிறகு யார் எதைத் திருத்தினாலும் கூடை முழுவதையும் கொட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். திருத்தத்துக்கு முன்பு எத்தனை தேறியது, பின்பு எத்தனை தேறியது என்று ஒப்பிட வேண்டும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து கூடை இன்று மலையாகிவிட்டது.

அப்படியும் பிழை இல்லாமல் போய்விட்டதா?

யூட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு குறும்பு செய்தார்கள். கன்னாபின்னாவென்று, ஆனால் இலக்கணம் தவறாமல், புரோகிராம்களை எழுதித் தள்ளுகிற ஓர் எந்திரப் புலவரை உருவாக்கினார்கள். ‘சி-ஸ்மித்’ என்று பெயர். அவர் எழுதியதைப் பல கம்பைலர்களிடம் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே விடை சொல்ல வேண்டும். மாறினால் யாரோ பொய் சொல்லுகிறார் என்று பொருள்!

மூன்று ஆண்டுகளில் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன புதிய பிழைகள் 325-க்கு மேல். 2011-ம் ஆண்டு இந்த முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த ஒவ்வொரு கம்பைலரும், காசு கொடுத்து வாங்குவது உட்பட, ஏதாவது ஒரு தடவை மௌனமாகத் தவறான விடை கொடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. பிழை சொன்னவர்களை யாரும் விரட்டவில்லை. பட்டியலை வாங்கித் திருத்த முனைந்தார்கள்.

மறுபடியும் ‘விலை’

இப்போது தாமல் பையனிடம் திரும்புவோம். அவன் எழுதிய ‘விலை’ சட்டப்படி தவறா?

தவறே இல்லை! அதுதான் கொடுமை.

‘சி’ மொழிக்கு உலகப் பொதுவான சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. 1999-ம் ஆண்டு திருத்தி வெளியிட்டார்கள். பெயர் வைக்க எந்தெந்த மொழி எழுத்துக்களைப் பயன்படுத்தலாம் என்று அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வகரம் இருக்கிறது. மேல்விலங்கு இருக்கிறது. லகரமும் ஐகாரக் குறியும் இருக்கின்றன. 1999-ம் ஆண்டிலேயே ‘விலை’க்கு நுழைவுச் சீட்டு கொடுத்தாகிவிட்டது!

ஆனால் வாசலில் நின்ற காவலாளி விடவில்லை.

வேறு ஒரு குறுக்கு வழி இருந்தது. ‘விலை’ என்று எழுதாமல், அதில் உள்ள நான்கு உறுப்புக்களின் குறியீட்டு எண்களை எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பதிலாக ரேஷன் கார்டு எண்ணை அச்சடிப்பது போல! யார் அப்படி எழுதுவார்கள்?

ஜி.சி.சி.யின் குறைப் பட்டியலில் 2015-ம் ஆண்டு இது பதிவானது. “பிற மொழி எழுத்துக்களை நேரடியாக எழுத வழி செய்யுங்கள்” என்ற கோரிக்கை. எல்.எல்.வி.எம். குடும்பத்துக் கம்பைலரான ‘கிளாங்’ 2013-ம் ஆண்டிலேயே இதைச் செய்து முடித்திருந்தது.

கோரிக்கையை யாரும் மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. ஆனால் செய்யவும் ஆள் இல்லை.

இப்படிப்பட்ட திட்டங்களின் இயல்பு அது. உத்தரவு போட முதலாளி கிடையாது. கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்கள், கம்பெனிகளுக்கு வேண்டியதைச் செய்வார்கள். மற்றவை, யாருக்குத் தேவையோ அவர் கையில் எடுக்கும் வரை கிடக்கும். தமிழோ, இந்தியோ, தாய்லாந்து மொழியோ எழுதுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி நம் எழுத்துக்காகப் பேசுகிற ஆள் இல்லை. உண்மையில், நம்மவர்களே ஆங்கிலத்தில் பெயர் வைத்துப் பழகிவிட்டோம். பழகிப்போன முள் குத்துவது தெரியாது.

கடைசியில் ஒரு தன்னார்வலர் முன்வந்தார். திருத்தத்தை எழுதினார். பெரியவர்கள் படித்துப் பார்த்தார்கள். இதை மாற்று, அதைச் சேர் என்றார்கள். அவர் மாற்றினார், சேர்த்தார். சோதனைகளையும் கூடையில் போட்டார். 2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் திருத்தம் உள்ளே போனது.

செப்டம்பர்! நவம்பர் நடுவில் கதவு மூடிவிடும் அல்லவா? இரண்டு மாதம் தப்பியது. இல்லாவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு.

பிறகு குளிர்காலம் முழுவதும் பிழை திருத்தம். முதல் தரக் குறைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உலகம் கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி, ஜி.சி.சி.யின் 10-வது வரிசையின் முதல் பதிப்பு வெளிவந்தது. இவர்களில் பலர் முன்பும் வீட்டில் இருந்தே வேலை செய்தவர்கள்தானே! ஊரடங்கு அவர்களை நிறுத்தவில்லை.

அன்று முதல், ‘விலை’ என்று எழுதினால் கம்பைலர் சீறவில்லை. பன்னிரண்டு பிழைகளும் மறைந்தன. சட்டம் சொல்லி 20 ஆண்டுக்குப் பிறகு!

நல்லவன் போல வந்தவன்

கதவு திறந்தால் காற்று மட்டுமா வரும்? கொசுவும் வரும்.

‘ஔ’ என்பது ஒரே எழுத்து. ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு அப்படியே இருக்கும். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இப்படிப்பட்ட உருவ ஒற்றுமையை வைத்துக் கண்கட்டு வித்தை செய்யலாம். எல்லா மொழியிலும் இந்த ஆபத்து உண்டு. 2021-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வித்தையை எடுத்துக் காட்டினார்கள். வலம் இருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான குறிகளைக் கொண்டு, படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றும் தெரியும்படி எழுதலாம் என்றார்கள். 2022-ம் ஆண்டு வெளிவந்த ஜி.சி.சி. 12-வது வரிசையில் அதற்கு எச்சரிக்கை மணி வைத்தார்கள்.

ஆளே பொய்யாக இருந்தால்? கம்பைலரில் அல்ல, ‘எக்ஸ்-இசட்’ என்ற வேறொரு பொதுத் திட்டத்தில் அதுவும் நடந்தது. ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்ல திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கை பெற்றார். பதிப்பு வெளியிடும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. பிறகு, வெளியிட்ட மூட்டைக்குள் திருட்டு வழியை ஒளித்து வைத்தார். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆந்திரேஸ் பிராயிண்டு என்ற பொறியாளர் தம் எந்திரம் அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடவில்லை. தோண்டினார். குட்டு உடைந்தது. உலகத்தில் எத்தனையோ எந்திரங்கள் தப்பின!

துபாஷி எழில்

இனி, முன்பு சொன்ன துபாஷி.

ஜி.சி.சி.யில் பெயர்தான் தமிழில் வைக்கலாம். கட்டளைகள் ஆங்கிலம்தான். கட்டளையும் தமிழிலேயே இருந்தால் என்ன? முத்து அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியாளர் ‘எழில்’ என்ற மொழியை உருவாக்கினார். இதைப் பற்றி 2009-ம் ஆண்டு கட்டுரை எழுதினார். 2013-ம் ஆண்டு எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து விட்டார்.

‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். ‘ஆனால்’, ‘இல்லை’, ‘நிறுத்து’, ‘முடி’ எல்லாம் கட்டளைகள். இது வாக்கியத்துக்கு வாக்கியம் நடத்திக் காட்டுகிற இனம். பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயப்படாமல் கணக்குப் போட்டுப் பழக ஏற்றது. இந்த முயற்சிக்குப் பெரிய கம்பெனிகள் கிடையாது. ஒரு சிலர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை. ஜி.சி.சி. மாதிரி ஆண்டுதோறும் பதிப்பு என்பதை ஒரு சிலரால் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ் கேட்க மாட்டார்கள்

தாமல் பையன் இதில் சேர முடியுமா? முடியும்.

பட்டம் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். 2021-ம் ஆண்டு முதல் அதுவும் கட்டாயம் இல்லை. “இது என் வேலை, கொடுக்க எனக்கு உரிமை உண்டு” என்று திருத்தத்தின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும்.

காஞ்சீபுரத்திலேயே லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க ‘கணியம்’ என்ற மின்னிதழ் 2012-ம் ஆண்டு முதல் உண்டு. திருத்தம் எழுதத்தான் வேண்டும் என்று இல்லை. பிழையைப் பார்த்துச் சரியாகச் சொல்லுவதே பெரிய உதவி. எந்தப் பதிப்பு, எந்த எந்திரம், எந்த வரி என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். “ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். டாக்டரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்?

இன்னொரு வேலையும் காலியாக இருந்தது.

கம்பைலர் சீறும்போது ஆங்கிலத்தில் சீறுகிறது அல்லவா? அந்தப் பிழைச் செய்திகளைப் பல மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். 2020-ம் ஆண்டு ‘விலை’யை உள்ளே விட்ட அந்தப் பதிப்பில் பின்லாந்து மொழி இருந்தது. வியட்நாம் மொழி இருந்தது. துருக்கி, குரோவேஷியா, டென்மார்க் மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை.

அதற்குக் கம்பைலரின் உள் வேலை எதுவும் தெரிய வேண்டாம். ஆங்கில வரி ஒரு பக்கம், அதன் கீழே வெற்றிடம். இப்படி ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு கோப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது வரி என்று செய்தால் பல ஆண்டுகள் பிடிக்கும். நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் சீக்கிரம் முடியும். ‘வழிதவறித் திரிகிறது’ என்று நான் மேலே எழுதினேனே, அதுவும் அந்தக் கோப்பில் ஒரு வரிதான்.